லிக்னின் உடையவில்லையா, கரியாகிவிட்டதா? வெந்நீர் ரியாக்டர் கோளாறுகள், அறிகுறி வாரியாக

லிக்னின் என்பது மரத்துக்கும் வைக்கோலுக்கும் விறைப்பு தரும் பெரிய மூலக்கூறு. அதை வெந்நீரில் உடைத்து ஃபீனால் போன்ற சிறு மூலக்கூறுகள் எடுப்பவர்களுக்கான குறிப்பு இது. இங்கே சொல்பவை 50 மி.லி. முதல் 1 லிட்டர் வரையிலான, கலக்கி பொருத்திய மூடிய ரியாக்டர்களுக்கானவை. 250 முதல் 350 டிகிரி வரை சூடு, காரம் கலந்த நீர், அதில் 2 முதல் 10 சதவீதம் லிக்னின். குழாய் வழியே ஓடிக்கொண்டே இருக்கும் ரியாக்டருக்குத் தனிப் பகுதி உண்டு. டிகிரி என்றால் எங்கும் செல்சியஸ். எடுத்துக்காட்டுக் கணக்குகள் 100 மி.லி. ரியாக்டருக்குப் போட்டவை.

விளைச்சல் குறைந்தால் முதலில் வினையூக்கியை மாற்றத்தான் கை போகும். மாற்றாதீர்கள். கோளாறு பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் இருக்கும்: திரவத்தின் உண்மையான சூடு, ஓட்டம் முடிந்தபின் பிஎச், விளைபொருளைப் பிரித்தெடுக்கும் மேசை. மூன்றையும் பார்க்க ஒரு நாள் போதும், செலவும் இல்லை.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இரண்டு அளவுகள்

வெறும் நீர் ஓட்டம். ரியாக்டரில் 50 மி.லி. நீர் மட்டும் ஊற்றி, நைட்ரஜன் ஏற்றாமல் மூடி, 250 டிகிரிக்குக் கொண்டுபோய் அரை மணி நேரம் நிறுத்துங்கள். அந்தச் சூட்டில் நீராவியின் அழுத்தம் 39.8 பார். உள்ளே அடைபட்ட காற்று இன்னும் 2 பாருக்குச் சற்று மேல் சேர்க்கும். ஆகவே அழுத்தமானி 41 பார் அளவில் நிற்க வேண்டும். 35 காட்டினால் திரவம் உண்மையில் 240 டிகிரியில்தான் இருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. 47 காட்டினால் 258-ஐத் தொட்டுவிட்டது. தெர்மோகப்பிளைவிட (சூடு அளக்கும் உணரி) நீராவி அட்டவணையை நம்பலாம்.

மற்ற சூடுகளுக்கு: 300 டிகிரியில் 86 பார், 320-இல் 113, 350-இல் 165. இவை முழு அழுத்தம். மானி காட்டுவது இதைவிட 1 பார் குறைவு.

முன்னும் பின்னும் பிஎச். ஆறிய திரவத்தை வடிகட்டுவதற்கு முன்பே பிஎச் எடுத்து நோட்டில் எழுதுங்கள். தொடக்கத்தில் 13 இருந்தது, முடிவில் 10-க்குக் கீழே வந்துவிட்டது என்றால் கரி, ஒட்டல், குறைந்த விளைச்சல் மூன்றுக்கும் விடை அந்த ஒரு எண்ணில் இருக்கிறது. லிக்னின் உடையும்போது ஃபீனால்களும் ஃபார்மிக், அசிட்டிக் அமிலங்களும் பிறந்து காரத்தைத் தின்றுகொண்டே போகும்.

## அறிகுறி: மூடியைத் திறந்தால் கரி

அதிகம் வருவது இதுதான். கரி எங்கே, எப்படி இருக்கிறது என்பதைச் சுரண்டி எடுப்பதற்கு முன்பே ஒரு படம் எடுத்துவிடுங்கள். சுரண்டியபின் எல்லாக் கரியும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

உண்மையிலேயே கரிதானா என்பதையும் பார்த்துவிட வேண்டும். சிறிது எடுத்து டெட்ராஹைட்ரோஃபியூரானில் கலக்குங்கள், இன்னொரு துளியை 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் போடுங்கள். இரண்டில் ஒன்றில் கரைந்தாலும் அது கரியல்ல: உடையாத லிக்னின் அல்லது மறுபடி பிணைந்த பெரிய துண்டுகள். இரண்டிலும் கரையாததுதான் கரி. அதையும் 575 டிகிரியில் எரித்து சாம்பல் நிறுத்துப் பாருங்கள். வைக்கோல் வகையிலிருந்து எடுத்த லிக்னினில் சிலிக்கா நிறைய இருக்கும். கரி என்று நினைத்ததில் கணிசமான பங்கு மணலாக இருக்கலாம்.

### சுவரில் தோலாக ஒட்டியிருந்தால்

சுவர் திரவத்தைவிட அதிகச் சூட்டில் இருந்திருக்கிறது.

- வெளிச் சுவரில் இருக்கும் தெர்மோகப்பிளை வைத்து ஹீட்டரைக் கட்டுப்படுத்துகிறீர்களா? உள்ளே இறங்கும் குழியில் உள்ளதற்கு மாற்றுங்கள். அந்தக் குழியின் நுனி திரவத்துக்குள் மூழ்கியிருக்க வேண்டும். குறைந்த அளவு ஊற்றும்போது நுனி ஆவியில் தொங்கிக்கொண்டிருக்கும்.
- கன்ட்ரோலர் குறித்த சூட்டைத் தாண்டிப் பாய்கிறதா? 300 டிகிரிக்கு வைத்து 315 வரை போய்த் திரும்பினால், முதலில் 270-இல் ஐந்து நிமிடம் நிறுத்தி, பிறகு ஏற்றுங்கள். கன்ட்ரோலர் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் ஆட்டோ டியூனிங்கை நீர் நிரப்பிய நிலையில் ஓட்ட வேண்டும். காலி ரியாக்டரில் ஓட்டிய டியூனிங் எதற்கும் உதவாது.
- கலக்கி உண்மையில் சுழல்கிறதா? காந்த இணைப்பில் மோட்டார் ஓடும் ஓசை கேட்கும், உள்ளே தண்டு நின்றிருக்கும். மூடியைத் திறந்து வைத்துக் கையால் தண்டைத் திருப்பிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் பேரிங்கில் கரி புகுந்திருக்கிறது. காந்த இணைப்பைக் கழற்றுவது தயாரித்தவரின் சேவை ஆளுக்கு உரிய வேலை, காந்தம் சூட்டில் வலுவிழந்திருந்தால் உறையோடு மாற்ற வேண்டியிருக்கும். அது நேர்வதற்குப் பொதுவான காரணம் குளிர்நீர் ஓடாததுதான்.

### அடியில் ஒரே கட்டியாக உறைந்திருந்தால்

லிக்னின் கரையாமலே சூடேறியிருக்கிறது. பொடியை முதலில் போட்டு மேலே நீர் ஊற்றினால் வெளியே நனைந்து உள்ளே உலர்ந்த உருண்டைகள் உருவாகும். அந்த உருண்டை 200 டிகிரியைத் தாண்டும் முன் இளகி ஒன்றோடொன்று ஒட்டிவிடும்.

வரிசையை மாற்றுங்கள். 50 மி.லி. நீரில் 1 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு முதலில் கரையட்டும். கலக்கிக்கொண்டே 2.5 கிராம் லிக்னினைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். 60 டிகிரியில் அரை மணி நேரம். பிறகு ஒரு துளியை வடிதாளில் விட்டால் நடுவில் துகள் தங்காமல் பழுப்பு வட்டமாகப் பரவ வேண்டும். அதன்பின்தான் ரியாக்டருக்குள்.

கிராஃப்ட் லிக்னின் (காகிதக்கூழ் ஆலையின் கிராஃப்ட் முறையில் எடுத்தது) ஈரக் கட்டியாக வந்தால் அதில் 30 முதல் 40 சதவீதம் நீராக இருக்கும். 105 டிகிரியில் உலர்த்திய எடையை வைத்துக் கணக்கிடுங்கள். இல்லாவிட்டால் செறிவும் தவறும், விளைச்சல் சதவீதமும் தவறும்.

### திரவம் முழுக்க மெல்லிய கரிப்பொடி மிதந்தால்

இது சூட்டுக் கோளாறல்ல, மறுபடி பிணைதல். உடைந்த துண்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுவிட்டன. எளியதிலிருந்து தொடங்கினால்:

முதலில் காரம். முடிவு பிஎச் 10-க்குக் கீழே என்றால் சோடியம் ஹைட்ராக்சைடை ஒன்றரை மடங்கு ஆக்குங்கள். கார்பனேட்டுகள் மலிவு, கையாள எளிது. ஆனால் பிஎச் சரிவதைத் தடுக்கும் வலு அவற்றுக்குக் குறைவு.

இரண்டாவது நேரம். சூடேற 50 நிமிடம், ஆற ஒரு மணி நேரம் எடுக்கும் கனமான ரியாக்டரில் “30 நிமிட ஓட்டம்” என்று எழுதுவது வெறும் பேச்சு. 250 டிகிரிக்கு மேல் கழிந்த மொத்த நிமிடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். குளிர்ச்சுருள் உள்ள ரியாக்டரில் அதைப் பயன்படுத்துங்கள். கனமான சுவரை நேராகப் பனிநீரில் முக்குவது சிறு குழாய் ரியாக்டருக்கு மட்டுமே பொருந்தும்.

மூன்றாவது செறிவு. 10 சதவீதத்திலிருந்து 3-க்கு இறக்கி ஒரு ஓட்டம். கரி சரசரவென்று குறைந்தால் நோய் இதுதான்.

கடைசியாக, துண்டுகளைப் பிடித்து நிறுத்தும் துணைப்பொருள்: ஃபீனால், கிரெசால், போரிக் அமிலம், எத்தனால், ஐசோபுரொப்பனால். ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஃபீனால் சேர்த்தால் சேர்த்த ஃபீனாலே விளைச்சலில் எண்ணப்பட்டுவிடும். லிக்னின் இல்லாத ஓட்டம் ஒன்றை ஓட்டிக் கழிக்க வேண்டும். போரிக் அமிலம் தானே காரத்தை விழுங்கும், அதற்கும் சேர்த்து சோடியம் ஹைட்ராக்சைடு போடுங்கள். ஆல்கஹால்கள் அழுத்தத்தை ஏற்றும்.

## அறிகுறி: அழுத்தம் எதிர்பார்த்ததைவிட அதிகம்

இங்கே மட்டும் முதல் வேலை நோய் தேடுவதல்ல. ஹீட்டரை நிறுத்துங்கள், பிறகு யோசியுங்கள். சூடாக இருக்கும்போது வால்வைத் திறந்து இறக்கப் பார்த்தால் திரவம் கொதித்துப் பொங்கி, தார் போய் வால்வையும் அடைத்துவிடும்.

### சூடு ஏற ஏற ஒரு கட்டத்தில் மானி திடீரென்று பாய்ந்தால்

அளவுக்கு மேல் நீர் ஊற்றியிருக்கிறீர்கள். அறைச் சூட்டில் 60 மி.லி. நீர், 300 டிகிரியில் 84 மி.லி. ஆகிறது. 350 டிகிரியில் அதே நீருக்கு 104 மி.லி. வேண்டும், 100 மி.லி. ரியாக்டரில் இடமே இல்லை. திரவம் சுவர் முட்ட நிறைந்தபின் ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் பத்து பார் அளவில் ஏறும். ரப்சர் டிஸ்க் (அழுத்தம் மிஞ்சினால் தானே கிழிந்து கலனைக் காக்கும் தகடு) வெடிப்பதற்கு ஐந்தாறு டிகிரி போதும்.

வரம்பு: 300 டிகிரி வரை 60 சதவீதம், 350 வரை 50 சதவீதம். கொள்ளளவு என்று பெயர்ப்பலகையில் இருப்பதை நம்ப வேண்டாம். கலக்கி, குளிர்ச்சுருள், உள்கலன் எல்லாம் பொருத்திய நிலையில் விளிம்பு வரை நீர் ஊற்றி எடை பாருங்கள். 100 என்று வாங்கியதில் 85 தான் மிச்சம் இருக்கக்கூடும்.

### தொடக்கம் முதலே ஒரு பங்கு கூடுதலாக இருந்தால்

நைட்ரஜன். குளிரில் மானி 10 பார் காட்டும்படி ஏற்றினால் அது 10 பாராகவே இருக்காது. 50 மி.லி. நீர் 70 மி.லி. ஆகும்போது மேலே இருக்கும் காலியிடம் 50-இலிருந்து 30 மி.லி. ஆகச் சுருங்குகிறது, கெல்வின் கணக்கில் சூடும் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. 300 டிகிரியில் நைட்ரஜன் மட்டுமே ஏறத்தாழ 35 பார். நீராவியோடு சேர்த்து 121. கணக்கில் இது ஒத்துப்போனால் கோளாறே இல்லை. காற்றை விரட்ட மூன்று முறை நைட்ரஜன் ஏற்றி இறக்கி, கடைசியில் 2 பார் விட்டாலே போதும்.

### சூடு நிலையாக நின்றபின்னும் அழுத்தம் ஏறிக்கொண்டே போனால்

உள்ளே வாயு பிறக்கிறது. ஃபார்மிக் அமிலம் சேர்த்திருந்தால் காரணம் அதுதான். 1 கிராம் ஃபார்மிக் அமிலம் முழுதும் ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடுமாக உடைந்தால் 300 டிகிரியில், 30 மி.லி. காலியிடத்தில் 69 பார் கூடும். நீர்மத்தில் கரையும் பங்கைக் கழித்தாலும் சிறு கணக்கல்ல. சிட்டிகை அளவு என்று போடக்கூடிய பொருளல்ல அது.

ஃபார்மிக் அமிலம் இல்லாமலே ஏறினால் சூடு கூடுதல், லிக்னின் வாயுவாகவும் கரியாகவும் பிரிகிறது. 20 டிகிரி இறக்குங்கள்.

வல்லுநர் எப்போது: ரப்சர் டிஸ்க் வெடித்தால். புதிய டிஸ்க் மாட்டி அன்றே ஓட்டக்கூடாது. கலன், மூடி, போல்ட் மூன்றையும் அழுத்தக்கலன் ஆய்வாளர் பார்த்து நீரழுத்தச் சோதனை முடித்தபின் ஓட்டுங்கள். டிஸ்குக்குப் பதில் அடைப்பான் மாட்டி “தற்காலிகமாக” ஓட்டுவது எந்த நிலையிலும் கூடாது.

## அறிகுறி: அழுத்தம் குறைவு, அல்லது மெல்ல இறங்குகிறது

ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ரியாக்டரை மூடியோடு நிறுத்துப் பாருங்கள். எடை குறையவில்லை என்றால் கசிவில்லை, சூடு அளவுதான் தவறு. மேலே சொன்ன வெறும் நீர் ஓட்டத்துக்குத் திரும்புங்கள். எடை குறைந்தால்:

1. குளிரில் நைட்ரஜன் 50 பார் ஏற்றி (கலனின் வரம்புக்குள்), சிலிண்டரைத் துண்டித்து அரை மணி நேரம் பாருங்கள். இணைப்புகளில் சோப்புநீர்.
2. கேஸ்கட். டெஃப்லான் 250 டிகிரியை நெருங்கும்போதே நசுங்கி வழியும். 300-க்கு மேல் கிராஃபைட் அல்லது உலோகக் கேஸ்கட்தான். மேற்பரப்பில் குறுக்காக ஒரு கீறல் இருந்தாலும் அது கசிவுப் பாதை. வட்டமாக இருந்தால் பெரும்பாலும் பாதகமில்லை.
3. போல்ட்டுகளை எதிரெதிராக, மூன்று சுற்றில், டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். சூடாகவும் அழுத்தத்திலும் இருக்கும்போது கசிகிறதே என்று ரெஞ்சை எடுக்க வேண்டாம்.
4. கலக்கித் தண்டின் சீல், வால்வு நுனி. இவை தேய்ந்தால் மாற்றுவதுதான்.

கண்ணாடி உள்கலன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. திறந்தால் உள்கலனுக்கு வெளியே நீர் நிற்கும், உள்ளே கூழ் போலக் கெட்டியாகியிருக்கும். கசிவல்ல, ஆவி ஏறி இடைவெளியில் இறங்கிக் குளிர்ந்திருக்கிறது. இடைவெளியில் முன்கூட்டியே சில மி.லி. நீர் ஊற்றினால் குறையும், சூடும் நன்றாகக் கடக்கும். ஆனால் சூடான காரம் கண்ணாடியையே கரைக்கும். கரைந்த சிலிக்கா பிறகு அமிலம் சேர்க்கும்போது லிக்னினோடு விழும். இந்த வேலைக்குக் கண்ணாடி வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

மானி சுழியம் காட்டினால் அழுத்தம் இல்லை என்று பொருளல்ல. மானிக்குப் போகும் மெல்லிய குழாயைத் தார் அடைத்திருக்கலாம். திறக்கும் முன் மூன்றும் வேண்டும்: உட்சூடு 40-க்குக் கீழே, வெளியேற்று வால்வு முழுக்கத் திறந்த நிலை, ஒரு வால்வில் விட்ட நைட்ரஜன் மற்றதில் வெளிவருவது. நைட்ரஜன் வரவில்லை என்றால் போல்ட்டில் கை வைக்காமல் தயாரித்தவரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம்

கிராஃப்ட் லிக்னினில் 1 முதல் 3 சதவீதம் கந்தகம் உண்டு, லிக்னோசல்ஃபோனேட்டில் (சல்ஃபைட் முறையில் வரும் லிக்னின்) இன்னும் அதிகம். நாற்றம் வருவது கோளாறல்ல. ஆபத்து அடுத்த படியில் இருக்கிறது: காரத் திரவத்தில் சல்ஃபைடாக அடங்கியிருப்பது அமிலம் சேர்த்த நொடியில் ஹைட்ரஜன் சல்ஃபைடாக வெளியேறும். அமிலம் சேர்ப்பது ஃபியூம் ஹுட்டுக்குள் (வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி) மட்டும், துளித்துளியாக. லெட் அசிடேட் தாள் கறுத்தால் இன்னும் வருகிறது. நாற்றம் நின்றுவிட்டது என்று நிம்மதி அடையாதீர்கள்; 100 பிபிஎம் அளவில் மூக்கு மரத்துப்போகும்.

நிக்கல், பல்லேடியம், ருத்தீனியம் வினையூக்கி வைத்து ஓட்டுபவர்களுக்கு முதல் ஓட்டம் நன்றாகவும் இரண்டாவது மோசமாகவும் வந்தால் கந்தகம்தான் முதல் சந்தேகம். கந்தகம் சேர்க்காமல் எடுக்கும் சோடா லிக்னின் அல்லது ஆர்கனோசால்வ் லிக்னினோடு ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

## அறிகுறி: கரியும் இல்லை, விளைச்சலும் இல்லை; லிக்னின் அப்படியே திரும்புகிறது

அமிலம் சேர்த்து பிஎச் 2-க்கு இறக்கியதும் போட்ட அளவே வீழ்படிவாக வந்துவிடுகிறது. அது பழைய லிக்னின்தானா? அசிட்டைல் ஏற்றி ஜிபிசியில் (மூலக்கூறுகளை அளவு வாரியாகப் பிரிக்கும் கருவி) பாருங்கள். மூலக்கூறு எடை தொடக்கத்தைவிடக் குறைவு என்றால் உடைந்திருக்கிறது, இன்னும் சிறிதாகவில்லை. அதே அளவு என்றால் சூடு எட்டவில்லை. அதிகம் என்றால் உடைந்து மறுபடி பிணைந்திருக்கிறது, கரிப்பொடிப் பகுதிக்குப் போங்கள்.

சூடு எட்டாதபோது நேரத்தை நீட்டுவதுதான் பலரும் செய்வது. நேரம் உடைதலையும் பிணைதலையும் சேர்த்தே வளர்க்கும். சூட்டை 20 டிகிரி ஏற்றி நேரத்தைப் பாதியாக்குங்கள்.

எதிர்பார்ப்பையும் அளந்து வையுங்கள். கிராஃப்ட் முறையில் எடுக்கும்போதே எளிதில் உடையும் ஈதர் பிணைப்புகள் பெரும்பகுதி உடைந்துபோய், மிச்சம் கார்பன்-கார்பன் பிணைப்புகள். அதிலிருந்து மோனோமர்கள் (ஒற்றை வளையத் துண்டுகள்) பத்து சதவீதத்தைச் சுற்றி வந்தாலே நல்ல ஓட்டம். கோளாறே இல்லாத ரியாக்டரைக் கழற்றிப் பார்ப்பதில் பயனில்லை.

## அறிகுறி: எண்ணெய் இருக்கிறது, ஜிசி-எம்எஸ் படத்தில் ஒன்றும் இல்லை

ஜிசி ஆவியாக்கிப் பிரிக்கும், எம்எஸ் நிறையை அளக்கும். ஆவியாகும் சிறு மூலக்கூறுகள் மட்டுமே ஜிசியில் தெரியும். எண்ணெயில் பெரும்பங்கு இரண்டு மூன்று வளையத் துண்டுகள். இது இயல்பு. ஆனால் லிக்னினிலிருந்து வழக்கமாக வரும் சிறு ஃபீனாலான குவையக்கால் கூடத் தெரியவில்லை என்றால் மேசையில் இழந்திருக்கிறீர்கள்.

இழப்புச் சோதனை. 50 மி.லி. காரநீரில் லிக்னின் இல்லாமல் 50 மி.கி. குவையக்காலும் 50 மி.கி. கேட்டகாலும் போட்டு, அமிலம் சேர்ப்பதிலிருந்து ஊசி வரை வழக்கம்போல எல்லாம் செய்யுங்கள். எத்தனை திரும்பி வருகிறது? 90 சதவீதத்துக்குக் கீழே என்றால் ரியாக்டரைத் தொடாமல் கீழே உள்ளவற்றைச் சரிசெய்யுங்கள்.

- அமிலம் சேர்க்கும் முன்பே பிரித்தெடுத்தீர்களா? ஃபீனால்கள் உப்பாக நீரிலேயே நின்றுவிடும், எத்தில் அசிடேட்டையும் காரம் சிதைக்கும். பிஎச் 2-க்கு இறக்கியபின்தான் கரைப்பான்.
- ரோட்டவேப்பில் (சுழற்றிக் கரைப்பானை ஆவியாக்கும் கருவி) எடை நிலைக்கும்வரை உலர்த்தினீர்களா? குவையக்கால் கொதிநிலை 205 டிகிரி என்றாலும் வெற்றிடத்தில் கரைப்பானோடு கிளம்பிவிடும். மோனோமர் அளவை உலர்த்தாத கரைசலிலிருந்து எடுங்கள். எண்ணெய் எடைக்கு வேறு பங்கை உலர்த்துங்கள். உள் தரப்பொருளை (ஒப்பிட அளவறிந்து சேர்ப்பது) பிரித்தெடுப்புக்கு முன்பே சேர்க்க வேண்டும்.
- டைகுளோரோமீத்தேன் பயன்படுத்தினால் கேட்டகால் நீரிலேயே தங்கும். எத்தில் அசிடேட்டுக்கு மாறி மூன்று முறை எடுங்கள், நீர்ப்பகுதியில் உப்பு நிறைய கரைத்தால் இன்னும் வரும்.
- கேட்டகாலின் சிகரம் வால் நீண்டு அடித்தளத்தில் கரைந்துவிட்டதா? மாதிரியை நீரற்ற சோடியம் சல்ஃபேட்டில் உலர்த்தி, பிரிடினும், ஃபீனாலை எளிதில் ஆவியாகும்படி மாற்றும் பிஎஸ்டிஎஃப்ஏவும் சேர்த்து 70 டிகிரியில் 30 நிமிடம் வையுங்கள். ஈரம் இருந்தால் வினைப்பொருள் வீணாகும்.
- எல்லாச் சிகரமும் வால் நீண்டால் ஊசித்துளையின் கண்ணாடிக் குழல் கறுத்திருக்கும். மாற்றுங்கள், ஜிசி தூணின் (பிரிக்கும் நீண்ட மெல்லிய குழல்) முனையில் 15 செ.மீ. வெட்டுங்கள். அப்படியும் தீரவில்லை என்றால் அயனி மூலத்தைச் சுத்தம் செய்ய கருவி ஆளை அழையுங்கள்.

பெரிய அழகான சிகரம் ஒன்று வந்து மகிழ்ச்சி தந்தால் சற்றுப் பொறுங்கள். நிறை எண் 205-உம் 220-உம் காட்டினால் அது டெட்ராஹைட்ரோஃபியூரானில் பாதுகாப்புக்குச் சேர்த்த பிஎச்டி (BHT, பியூட்டிலேட்டட் ஹைட்ராக்சிடொலுவீன்). 149 என்றால் பிளாஸ்டிக்கிலிருந்து வந்த தாலேட். 207, 281 என்றால் தூணின் சிலாக்சேன். லிக்னினிலிருந்து வருபவற்றின் மூலக்கூறு நிறை: ஃபீனால் 94, கேட்டகால் 110, குவையக்கால் 124, வனில்லின் 152, சிரிங்கால் 154.

### குவையக்கால் குறைந்து கேட்டகால் கூடியிருந்தால்

சூடு அல்லது நேரம் அதிகம். மெத்தாக்சி தொகுதி கழன்று குவையக்கால் கேட்டகாலாகிறது. இன்னும் நீண்டால் கேட்டகாலும் கரியில் சேரும். கேட்டகால்தான் வேண்டும் என்றால் இது வரம். வேண்டாம் என்றால் 10, 20, 40 நிமிடம் என மூன்று ஓட்டம் ஓட்டிச் சிகரம் எங்கே திரும்புகிறது என்று பாருங்கள்.

சிரிங்காலே வரவில்லை என்ற புகாருக்கு ஒரு கேள்வி போதும்: ஊசியிலை மர லிக்னினா? அதில் சிரிங்கைல் அலகு இல்லாத அளவுக்குக் குறைவு.

## அறிகுறி: வடிகட்டி அடைக்கிறது, அடுக்குகள் பிரிய மறுக்கின்றன

அமிலத்தை வேகமாக ஊற்றினால் லிக்னின் கூழாக விழுந்து வடிதாளை மெழுகிவிடும். மெல்ல ஊற்றி, கலக்கியபடி 60 டிகிரிக்குச் சூடாக்கி அரை மணி நேரம் விட்டால் துகள் திரண்டு வளரும். 80-ஐத் தாண்டினால் பிசினாக ஒட்டும். திரளாத பிடிவாதக் கூழை இரவு முழுக்க உறையவைத்து உருக்குங்கள், அல்லது சென்ட்ரிஃபியூஜ். கார்பனேட் பயன்படுத்தியிருந்தால் அமிலம் பட்டதும் நுரை பொங்கும். மூன்று மடங்கு பெரிய பீக்கர் வேண்டும்.

பிரிபுனலில் நடுவே பழுப்பு நுரையடுக்கு நின்றால் குலுக்கியது அதிகம். உப்புநீர் சேர்த்து, குலுக்காமல் கவிழ்த்துக் கவிழ்த்து எடுங்கள்.

## அறிகுறி: எடைக் கணக்கு ஒத்துவரவில்லை

100-ஐத் தாண்டினால் வீழ்படிவில் உப்பு அல்லது ஈரம். பிஎச் 2 நீரால் இருமுறை கழுவி, உலர்த்தி, சாம்பல் கழியுங்கள். மிகவும் குறைந்தால் மெத்தனால், ஃபார்மிக், அசிட்டிக் அமிலங்கள் நீர்ப்பகுதியில் நிற்கின்றன. எத்தில் அசிடேட் அவற்றை முழுதாக எடுக்காது. கலக்கித் தண்டையும் மூடியின் அடிப்புறத்தையும் அசிட்டோனால் கழுவிச் சேர்த்தீர்களா?

## அறிகுறி: தொடர் ஓட்ட ரியாக்டரில் பம்ப் அழுத்தம் ஏறுகிறது

அடைப்பு எங்கே என்று தெரியாமல் எதையும் கழற்ற வேண்டாம். ஊட்டத்தை நிறுத்தி வெறும் நீருக்கு மாற்றி, பம்புக்குப் பின், ஹீட்டருக்குப் பின், குளிர்விப்பானுக்குப் பின் என்று மூன்று இடத்தில் அழுத்தம் பாருங்கள். வீழ்ச்சி எந்த இடைவெளியில் இருக்கிறதோ அங்கே அடைப்பு.

பம்பிலேயே: தொட்டியில் லிக்னின் அடியில் படிந்து கெட்டியாக இழுபடுகிறது, அல்லது ஒருவழி வால்வில் துகள். தொட்டியைக் கலக்கிக்கொண்டே இருங்கள். ஊட்டத்தை முன்கூட்டி வடிகட்டுங்கள். லிக்னின் 1 முதல் 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

ஹீட்டரில்: சுவர்க் கரி. நீரின் மாறுநிலையான 374 டிகிரியை நெருங்கினால் இன்னொரு வில்லன் சேரும்: சோடியம் கார்பனேட்டும் சல்ஃபேட்டும் அங்கே கரையாமல் சுவரில் படியும். அடைப்பை நீர் கொண்டு ஆறவைத்துக் கழுவியதும் போய்விட்டால் உப்பு, போகாவிட்டால் கரி.

குளிர்விப்பானிலும் அழுத்தம் காக்கும் ரெகுலேட்டரிலும்: வெளிவரும் திரவத்தின் பிஎச் 10-க்குக் கீழே என்றால் லிக்னின் ஆறும்போதே படிகிறது. குளிர்விப்பானுக்கு முன் சிறிது காரநீரைப் பக்கவழியாகச் செலுத்துங்கள். ரெகுலேட்டருக்கு முன் மாற்றி மாற்றிப் போடக்கூடிய இரண்டு வடிகட்டிகள் இணையாக இருக்கட்டும்.

கழுவ 0.5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, 60 முதல் 80 டிகிரி, மெதுவான ஓட்டம். முதலில் அமிலம் விட்டால் கரைந்திருந்ததும் சேர்ந்து விழும். இரு பக்கமும் அடைபட்ட குழாயைச் சூடாக்கி இளக்கப் பார்ப்பது வெடிகுண்டு செய்வதற்குச் சமம். கீழ்ப்பக்க மானி சுழியம் காட்டினாலும் மேல்பக்கம் முழு அழுத்தத்தில் இருக்கலாம். காரம் விட்டும் நகராத கரிக்குழாயை மாற்றிவிடுங்கள். சூட்டுக்காற்றில் எரித்து எடுப்பது அதற்கான உலை வைத்திருப்பவர் வேலை.

அடைப்பில்லாமலே விளைச்சல் கூடக் குறைய ஆடினால் தங்கும் நேரத்தைத் திரும்பக் கணக்கிடுங்கள். 10 மி.லி. குழாயில் நிமிடத்துக்கு 5 மி.லி. என்றால் 2 நிமிடம் அல்ல. 300 டிகிரியில் நீர் விரிந்து விரைவதால் ஒன்றரை நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. 400 டிகிரி, 250 பாரில் 20 விநாடிதான்.

## அறிகுறி: சாம்பலில் நிறம், சுவரில் குழி

கரியை எரித்த சாம்பல் செம்பழுப்பாக இருந்தால் இரும்பு, பச்சையாக இருந்தால் குரோமியம்: ரியாக்டரே கரைந்துகொண்டிருக்கிறது. திரவத்தின் கருமையில் இது கண்ணுக்குப் படாது. லிக்னின் இல்லாமல் காரநீர் மட்டும் ஓட்டினால் உறுதியாகும்.

ரியாக்டர் செய்யும் துருப்பிடிக்காத எஃகான எஸ்எஸ் 316-க்குக் குளோரைடு எமன். வழக்கமான நுழைவாயில், பிரித்தெடுக்கப் பயன்படுத்திய ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ரியாக்டருக்குள்ளேயே ஊற்றுவதும், அமிலம் பட்ட பாத்திரத்தைக் கழுவாமல் திரும்ப நிரப்புவதும். அமிலம் சேர்ப்பது எப்போதும் வெளியே. கறை நீக்க 5 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு, பிறகு வடிநீர் மூன்று முறை. அடர்ந்த காரமும் 300 டிகிரியும் சேர்ந்தால் 316 விரிசல் விடக்கூடும். அடிக்கடி ஓட்டுபவர்கள் நிக்கல் அடிப்படையிலான இன்கோனல், ஹாஸ்டெல்லாய் கலன்களுக்கு மாறுவது செலவானாலும் சரியான வழி. மாறியபின் பழைய விளைச்சலோடு ஒப்பிடும் முன் ஓர் ஓட்டத்தைத் திரும்ப எடுங்கள். சுவர் உலோகமும் வினையில் கை வைக்கும்.

நகத்தில் தட்டுப்படும் குழி, மயிரிழை விரிசல், இறுக்கும்போது கரகரக்கும் போல்ட் மரை: மூன்றில் எது தெரிந்தாலும் அந்தக் கலனில் “வேலைக்கு எடுக்காதீர்கள்” என்று அட்டை தொங்கவிட்டு, ஊடுருவு சாயச் சோதனைக்கும் நீரழுத்தச் சோதனைக்கும் ஆய்வாளரிடம் அனுப்புங்கள்.